நட் ஹாம்சன்: 'பலவீனப்பட்ட மனம்' என்னும் தீர்ப்பும் நமது வாசிப்பும்

க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' நாவலைப் படித்துவிட்டு அதே நினைப்பில் கொஞ்ச நாள் திரிந்தவர்கள் நம்மில் உண்டு. ஆளரவமற்ற காட்டுக்குள் ஒருவன் மூட்டையோடு நடந்து வருகிறான். இடம் பார்த்து நிற்கிறான். குடிசை போடுகிறான். உதடு பிளந்த ஒருத்தி வந்து சேர்கிறாள். அப்புறம் ஆடு, மாடு, உருளைக்கிழங்கு, பிள்ளைகள். ஐசக்கையும் இங்கரையும் மறப்பது கஷ்டம். அப்படியொரு வாசகரிடம், இதை எழுதினவர் ஹிட்லர் செத்தபோது புகழ்ந்து இரங்கல் எழுதினவர் என்று சொன்னேன். நம்ப மறுத்தார். ஆதாரங்களைச் சொன்னதும், "சரி விடுங்க, எண்பத்தஞ்சு வயசு கிழவன். என்ன எழுதறோம்னு தெரிஞ்சா எழுதியிருப்பான்?" என்றார்.

அவருக்குத் தெரியாமலேயே அவர் சொன்னது நார்வே அரசு 1946ல் எடுத்த நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது ஹாம்சனைக் காப்பாற்றுவதற்காக மட்டும் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அவரை வாசிக்கும் நம்மையும் காப்பாற்றுவதற்காகத்தான். (அவர் ஊர்க்காரர்கள் 'க்னூட் ஹாம்சுன்' என்பார்கள். தமிழில் புழங்கிவிட்டபடி நட் ஹாம்சன் என்றே வைத்துக் கொள்வோம்.)

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1940 ஏப்ரல் 9ல் ஜெர்மன் படைகள் நார்வேக்குள் புகுந்தன. அரசரும் அமைச்சரவையும் வடக்கே பின்வாங்கிக் கொண்டிருக்க, எதிர்ப்புப் போர் நடந்து கொண்டிருந்த அந்த மே மாதத்திலேயே, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், ஜெர்மானியர்கள் நமக்காகத்தான் போராடுகிறார்கள் என்று நார்வே இளைஞர்களுக்கு ஹாம்சன் அறைகூவல் விடுத்தார். அச்சிட்டது குவிஸ்லிங்கின் கட்சிப் பத்திரிகை. 1920ல் நோபல் பரிசு வாங்கியவர், நாட்டின் மிகப் பெரிய எழுத்தாளர், அவரது சொல்லுக்கு இருந்த கனம் குவிஸ்லிங்குக்கோ ஜெர்மன் தளபதிகளுக்கோ கிடையாது. 1943ல் தன் நோபல் பதக்கத்தை கோயபல்ஸுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் வியன்னாவில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் இங்கிலாந்துக்கு எதிராக உரை, அங்கிருந்து நேரே ஹிட்லரின் மலைவீட்டுக்கு.

அந்தச் சந்திப்பு அவரது ஆதரவாளர்களின் துருப்புச் சீட்டு. காது கேளாத கிழவர், ஹிட்லரின் பேச்சை இடைமறித்து, நார்வேயை ஆண்ட ஜெர்மன் ஆணையர் டெர்போவன் மக்களைக் கொடுமைப்படுத்துகிறான், அவனை மாற்றுங்கள் என்று வாதாடினார். அழுதார் என்றும் சொல்கிறார்கள். ஹிட்லர் ஆத்திரத்தோடு பேச்சை முறித்துக் கொண்டு எழுந்து போனார். உண்மைதான், அந்த வீட்டில் ஹிட்லரை அப்படி மறுத்துப் பேசியவர்கள் அதிகமில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்ட நார்வேக்காரர்கள் சிலருக்காக அவர் தந்திகள் அனுப்பியதும் உண்மை. ஆனால் இந்த உண்மை எதை நிரூபிக்கிறது? டெர்போவனின் கொடுமை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தானே. தெரிந்தபிறகும் இரண்டு வருடம் கழித்து, 1945 மே 7ல், எல்லாம் முடிந்து போயிருந்த நேரத்தில், எந்த லாபமும் இல்லாத நேரத்தில், 'ஆஃப்டன்போஸ்டன்' நாளிதழில் ஹிட்லரை மனித குலத்துக்காகப் போராடிய வீரன் என்று புகழ்ந்து எழுதினார். வீழ்ந்தவனுக்குச் செய்த மரியாதை என்று பின்னால் வீட்டில் விளக்கம் சொன்னாராம். சந்தர்ப்பவாதி என்று மட்டும் அவரைச் சொல்லிவிட முடியாது. சந்தர்ப்பவாதியாக இருந்திருந்தால் நமக்கு வேலை மிச்சம்.

நாஜிகள் வீழ்ந்தபின் அவரை என்ன செய்வது என்பது பெரிய தலைவலியாகிவிட்டது. குவிஸ்லிங்கை 1945 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். கட்சி உறுப்பினராக இருந்ததே குற்றம் என்று ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் தண்டிக்கப்பட்டுக் கொண்டிருந்தார்கள். மனைவி மாரிக்குச் சிறை, மகன்கள் மீதும் வழக்கு. ஹாம்சனைக் கூண்டில் ஏற்றினால் தேச இலக்கியமே கூண்டில் ஏறுகிறது. ஏற்றாவிட்டால், ஏழைப் பையனுக்கு ஒரு நீதி, பெரிய எழுத்தாளனுக்கு ஒரு நீதியா என்று கேள்வி வரும். மருத்துவம் கைகொடுத்தது. ஆஸ்லோவின் மனநல மருத்துவமனையில் நான்கு மாதம் வைத்துப் பரிசோதித்த பேராசிரியர் லாங்ஃபெல்ட்டும் மருத்துவர் ஓடகோர்டும் அறிக்கை கொடுத்தார்கள்: பைத்தியம் அல்ல, ஆனால் மனத்திறன்கள் நிரந்தரமாகப் பலவீனப்பட்டவர். இதைக் காரணம் காட்டித் தேசத்துரோகக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நஷ்டஈடு கோரும் வழக்கு மட்டும் நடந்தது. 1947 டிசம்பரில் கிரிம்ஸ்டாட் நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அவர் நாஜிக் கட்சி உறுப்பினர்தான் என்று முடிவு செய்து 4,25,000 குரோனர் கட்டச் சொன்னது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அதை 3,25,000 ஆகக் குறைத்தது.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் ஆதாயம் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசுக்குச் சங்கடம் தீர்ந்தது. பதிப்பாளருக்குப் பழைய புத்தகங்கள் தப்பின. வாசகருக்கோ, இளைய ஹாம்சன் என் எழுத்தாளன், கிழட்டு ஹாம்சன் ஒரு நோய் என்று வாழ்க்கையை இரண்டாக வெட்டிக் கொள்ளும் வசதி. அதிகாரத்தை எதிர்த்தவர்களைப் பைத்தியம் என்று அடைத்து வைத்த கதைகள் நமக்குத் தெரியும். இங்கே அதே மருத்துவச் சொல்லாடல் வேறொரு வேலை செய்கிறது. ஒரு கருத்தியலை நோயாக மாற்றிவிடுகிறது. நோயோடு விவாதிக்க முடியாது அல்லவா?

ஒத்துக் கொள்ளாத ஆள் ஒருவர்தான். ஹாம்சன். முதியோர் இல்லத்தில் உட்கார்ந்து, பென்சிலும் தாளுமாக எழுதிய 'புதர் மண்டிய பாதைகளில்' 1949ல், அவரது தொண்ணூறாவது வயதில் வெளிவந்தது. தன் மூளை பழுதில்லை என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அந்தப் புத்தகம்தான். சாட்சி செல்லுபடியாகிறது. காலணி, தபால், பக்கத்து அறைக் கிழவர்கள், நடைபாதை, பழைய அமெரிக்க நினைவு என்று துண்டு துண்டாக, கேலியும் கள்ளத்தனமுமாக, சொல் ஒன்று வீணாகாத நடை. நாற்பது வயதுக்காரன் பொறாமைப்பட வேண்டிய எழுத்து. இதை எழுதியவனுக்கு மூளை பலவீனம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால்? அப்படியானால் தெளிந்த மூளைதான் அந்த இரங்கலையும் எழுதியது. ஹாம்சன் தன் வழக்கில் ஜெயித்ததால் நம்மிடம் தோற்கிறார்.

அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இது தெரிகிறது. நீதிமன்றத்தில் அவர் பேசிய உரை அதில் இடம்பெறுகிறது. சாரம் இதுதான்: காது கேட்காது, தனியாக இருந்தேன், நான் எழுதுவது தப்பு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதென்ன கூத்து! வாழ்நாள் முழுக்க யார் சொல்லையும் கேளாமல், இப்ஸனையே முதல் வரிசையில் உட்கார வைத்துக் கொண்டு 1891ல் மேடையில் கிழித்த மனுஷன், யாராவது சொல்லியிருக்கலாமே என்கிறார். 1942 நவம்பர் 26ல் ஆஸ்லோ துறைமுகத்திலிருந்து 'டோனாவ்' என்ற கப்பல் 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக் கொண்டு போனது. நார்வேயிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதர்கள் மொத்தம் 770க்கும் மேல். உயிரோடு திரும்பியவர்கள் 40க்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமாகத் தன் காலணியைப் பற்றி எழுதும் புத்தகத்தில் அந்தக் கப்பல் இல்லை.

*

வயதுதான் காரணம் என்றால், எந்த வயதிலிருந்து? 1935ல், எஸ்டர்வேகன் வதைமுகாமில் கிடந்த ஜெர்மன் சமாதானவாதி கார்ல் ஃபான் ஒஸியெட்ஸ்கிக்கு நோபல் சமாதானப் பரிசு கொடுக்க வேண்டும் என்று இயக்கம் நடந்தது. கைதியாக இருந்த அந்த மனிதரை ஹாம்சன் பத்திரிகையில் தாக்கினார்: தப்பிப் போயிருக்கலாம், வேண்டுமென்றே தங்கி மாட்டிக் கொண்டார் என்று. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருந்தவரைப் பார்த்து! நார்வே எழுத்தாளர்கள் 33 பேர் கண்டனம் தெரிவித்தார்கள். அப்போது ஹாம்சனுக்கு 76. போகட்டும். 1915ல் 56 வயது. பச்சைக் குழந்தையைக் கொன்ற பெண்களுக்குக் கிடைக்கும் லேசான தண்டனையை எதிர்த்து எழுதினார். பெற்றவர்கள் இருவரையும் தூக்கில் போடு, முதல் நூறு பேரைப் போட்டால் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்ற தொனியில். திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் தகப்பன் சொத்தில் பங்கு தரும் சட்டங்கள் நார்வேயில் நிறைவேறிய அதே வருடம். இன்னும் பின்னால் போனால் 1889. இரண்டு தடவை அமெரிக்கா போய், சிகாகோவில் டிராம் கண்டக்டராக வேலை பார்த்துத் திரும்பியவர், நவீன அமெரிக்காவின் அறிவுலகைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதிய புத்தகம். பணத்தாசை, போலி ஜனநாயகம் பற்றிய கிண்டல் இன்றும் சிரிக்க வைக்கும். கூடவே கறுப்பின மக்களைப் பற்றிய அருவருப்பான பக்கங்கள். வயது 30. பிற்காலத்தில் அவரே அதை மறுபதிப்புச் செய்ய விடவில்லை.

ஆக, நோய்க்குறி முப்பது வயதிலேயே தொடங்குகிறது. அதற்கு மறு வருடம்தான் 'பசி' வெளிவருகிறது.

இங்கேதான் சிக்கல். 'பசி'யை என்ன செய்வது? 1890ல் அப்படியொரு நாவல் ஐரோப்பாவில் கிடையாது. கதை கிடையாது, குடும்பம் கிடையாது, நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது. கிறிஸ்டியானியா நகரத் தெருக்களில் பட்டினியோடு அலையும் ஒரு எழுத்தாளனின் மூளைக்குள் நொடிக்கு நொடி நடப்பதுதான் நாவல். உடுப்பை அடகு வைத்து அந்தக் காசைப் பிச்சைக்காரனுக்குக் கொடுப்பான். இல்லாத சொல் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு என்ன அர்த்தம் என்று இருட்டில் கிடந்து தன்னோடு சண்டை போடுவான். ஒருமைப்பட்ட தன்னிலை என்பது சிதறுவதை, ஃப்ராய்டின் கனவுப் புத்தகத்துக்குப் பத்து வருடம் முன்பே, கோட்பாடு ஏதுமில்லாமல் எழுதிக் காட்டியவர் ஹாம்சன். இருபதாம் நூற்றாண்டின் புனைகதை மொத்தமும் அவரிடமிருந்துதான் புறப்படுகிறது என்னும் பொருளில் எழுதியவர் யார் தெரியுமா? ஐசக் பாஷெவிஸ் சிங்கர். போலந்து யூதர், இத்திஷ் மொழி எழுத்தாளர், 1920களில் 'பான்', 'விக்டோரியா' ஆகியவற்றை இத்திஷ் மொழிக்குக் கொண்டுவந்தவர். நாஜிகள் அழித்தது அந்த மொழியின் வாசகர்களைத்தான். இதெல்லாம் தெரிந்த சிங்கர்தான் 1967ல் 'பசி'யின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். அவரைவிட நான் யோக்கியன் என்று காட்டிக் கொள்ள எனக்குத் தைரியமில்லை.

ஆனாலும் 'பசி'யை மறுபடி படிக்கும்போது ஒரு இடம் உறுத்துகிறது. தங்க இடமில்லாமல் போலீஸ் நிலையத்தில் ராத்திரி படுக்கப் போகும் நாயகன், தான் ஒரு பத்திரிகையாளன், சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று பொய்ப் பெயர் சொல்கிறான். கனவானுக்கான தனி அறை கிடைக்கிறது. காலையில் வீடற்றவர்களுக்கெல்லாம் சாப்பாட்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். இவனுக்கு இல்லை. கேட்க வாய் வரவில்லை, கேட்டால் அவர்களில் ஒருவனாகிவிடுவான். நாவலின் அற்புதமான இடம் இது, சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வரும். ஆனால் அந்த வரிசையில் நின்று சீட்டு வாங்கினவர்கள் யார்? நாவல் திரும்பிப் பார்ப்பதில்லை. பசி இருக்கிறது, பசித்தவர்கள் இல்லை. மற்ற ஏழைகள் வந்தால் அசிங்கமாக, முடமாக, இவன் நரம்பைச் சுண்டும் தொந்தரவாக வருகிறார்கள். மாமன் வீட்டில் அடியும் பட்டினியுமாகச் சிறுவயதைக் கழித்த ஹாம்சனுக்கு வறுமை தெரியாததல்ல. வறுமையிலிருந்து அவர் எடுத்துக் கொண்டது கர்வத்தை. இதை வைத்து 'பசி' ஒரு பாசிசப் பிரதி என்றால் அது அபத்தம். நிராதரவான தனிமனிதன் எவரோடும் சேராதபோது எங்கே போவான் என்ற கேள்வியை நாவல் திறந்தே விடுகிறது. கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான். எழுதியவர் போய்ச் சேர்ந்த இடம் பிறகு நமக்குத் தெரிந்தது.

இதை முதலில் பார்த்தவர் ஃப்ராங்க்ஃபர்ட் மார்க்சியர் லியோ லோவென்தால். நார்வே ஆக்கிரமிக்கப்படுவதற்கு மூன்று வருடம் முன்பே, 1937ல், அதிகாரத்துவக் கருத்தியலின் முன்வரலாறு என்ற கோணத்தில் ஹாம்சனைப் பற்றிய கட்டுரையை எழுதினார். அதன் அடிக்குறிப்பு ஒன்றில் புனைபெயரில் அடோர்னோ வந்து சிபேலியஸின் இசையைப் போட்டுத் தாக்குவது தனிக்கதை. லோவென்தால் சொல்வது: ஹாம்சனின் இயற்கை வெறும் வர்ணனையில்லை. சமூகத்தில் தோற்ற மனிதன் மண்டியிடும் இடம் அது. காட்டையும் புயலையும் கேள்வி கேட்க முடியாது, பணியத்தான் முடியும். அந்தப் பணிவுக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டப்படுகிறது. நகரம், தொழிலாளி, படித்தவன், வேலைக்குப் போகும் பெண் எல்லோரும் வேரற்றவர்கள். இன்னொன்றும் சொல்கிறார். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்பாட்டு ஏடு 1890களில் ஹாம்சனை உதறியது, இருபது வருடம் போனதும் அதே ஏடு பாராட்டத் தொடங்கியது. மண்ணும் உழைப்பும் எளிமையும் வந்தால் போதும், இடதுசாரிக்கும் கண் கலங்கிவிடுகிறது.

லோவென்தாலிடம் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பிரதியை அவர் கொஞ்சம் அவசரமாகக் கடந்து போகிறார். 'நிலவளம்' தன் ஆசிரியருக்கு எந்த அளவு கீழ்ப்படிகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? குழந்தைக் கொலையையே எடுத்துக் கொள்வோம். பத்திரிகையில் தூக்கில் போடச் சொன்னவர், இரண்டே வருடத்தில் வெளியிட்ட நாவலில் இரண்டு குழந்தைக் கொலைகளை வைக்கிறார். தன்னைப் போலவே பிளந்த உதட்டோடு பிறந்த பெண் குழந்தையை இங்கர் கொன்றுவிடுகிறாள். தான் பட்டது இதுவும் பட வேண்டாம் என்று. நாவல் அவளைத் தூக்கில் போடவில்லை. எட்டு வருடத் தண்டனையில் பாதிக்குமேல் கழித்துத் திரும்பி வருகிறாள், சிறையில் உதட்டைச் சரி செய்துவிட்டிருக்கிறார்கள். அவளுக்காக நாம் தவிக்கிறோம், தவிக்க வைப்பது ஹாம்சன். பத்திரிகைக்காரனை நாவலாசிரியன் ஜெயித்துவிட்டான் என்று சொல்லத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். இரண்டாவது கொலைகாரி பார்ப்ரோ. பெர்கன் நகரத்தில் வேலைக்காரியாக இருந்து வந்தவள், மினுக்குபவள். அவளுக்காகப் பேச வரும் அதிகாரியின் மனைவியை, பெண்ணுரிமை பேசுகிற படித்த அம்மாளை, நாவல் கேலிச்சித்திரமாக்குகிறது. பார்ப்ரோ விடுதலையாவதே நாட்டின் சீர்கேட்டுக்கு உதாரணமாகிறது. ஆக, கருணை பங்கிடப்படுகிறது. மண்ணைச் சேர்ந்தவளுக்குக் கருணை, நகரத்தைத் தொட்டவளுக்குக் கிண்டல். இங்கருக்கும் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. நகரத்தில் கற்று வந்த தையலையும் பேச்சையும் மினுக்கையும் விட்டு, பக்தியும் தறியுமாக அடங்கும் வரை நாவல் அவளை விடுவதில்லை.

அப்புறம் அந்தக் காடு. முதல் பக்கத்தில் ஐசக் கால் வைக்கும் நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்கிறது நாவல். அதே பக்கத்தில், அந்த ஒற்றையடிப் பாதையில் தன் கலைமான்களைத் தேடி ஒரு 'லாப்'பும் நடக்கிறான். ஸாமி பழங்குடியினரை நார்வேக்காரர்கள் இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது. நாவலாசிரியருக்குத் தெரிகிறது, பாதையை வைத்திருக்கிறவர்களில் அவனும் உண்டென்று. தெரிந்துகொண்டே மறு வரியில் நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை என்கிறார். பிறகு ஸாமிகள் வருவதெல்லாம் பதுங்கித் திரிபவர்களாக, இரப்பவர்களாக. இங்கரின் வயிற்றுக் குழந்தைக்குச் சாபம் போல முயலைக் கொண்டுவந்து காட்டுபவனும் ஒரு ஸாமிதான். நார்வே மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே ஃபின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும் என்று சட்டம் போட்டது 1902ல். நாவல் 1917ல். ஐசக்கின் உழைப்பு உண்மை, வியர்வை உண்மை, அதை நேசித்த நாமும் பொய்யில்லை. ஆனால் அந்தக் காவியம் தொடங்குவதற்கு முன் ஒருத்தன் காலடித் தடம் அழிக்கப்பட வேண்டியிருக்கிறது. 1920ல் நோபல் குழு பெயர் சொல்லிப் பாராட்டியது இந்த நாவலைத்தான்.

இங்கிலாந்தின் ஏகாதிபத்தியத்தை அவர் கடைசிவரை வெறுத்தார் என்பதை நம்மவர்கள் சிலர் சலுகையாகச் சொல்லக் கூடும். வெறுத்தார்தான். அமெரிக்கப் பண நாகரிகத்தையும் வெறுத்தார். நாம் வெறுப்பதையெல்லாம் வெறுத்தவர் நம்மாள் என்று ஆகிவிடாது என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் கிடைக்காது. அவருக்குப் பிடிக்காமல் போனது ஒடுக்குமுறை அல்ல, ஒடுக்கியவன் கடைக்காரனாக இருந்தது.

நார்வே இன்னும் அவரோடு மல்லுக்கட்டிக் கொண்டுதான் இருக்கிறது. 1978ல் டேனிஷ் எழுத்தாளர் தோர்கில்ட் ஹான்சன் அந்த வழக்கைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதி, நார்வே நீதியின் மனசாட்சியைக் கிளறியபோது பெரும் சண்டை. 2009ல் 150ஆவது பிறந்த ஆண்டை அரசு கொண்டாடியது, ராணி கலந்து கொண்டார், நாணயம் வெளியிட்டார்கள், வெளிநாடுகளிலிருந்து எதிர்ப்பும் வந்தது. அவர் வளர்ந்த வடபுலத்து ஹாமரோயில், ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த ஹாம்சன் மையம் அதே வருடம் திறக்கப்பட்டது. தார் பூசின கறுப்பு மரக் கோபுரம், உச்சியில் புல் முளைத்த மாதிரி மூங்கில் கழிகள்.

அதே வட்டாரத்தில், டிராக் என்ற ஊரில், 1994ல் தொடங்கப்பட்ட 'ஆர்ரான்' என்னும் லூலே ஸாமி மக்களின் பண்பாட்டு மையம் இருக்கிறது. அவர்கள் மொழியைக் கற்றுத் தருகிறார்கள், அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். 2020ல் நகராட்சி எல்லைகளை மாற்றியபோது டிராக் ஹாமரோயோடு சேர்ந்தது. இரண்டு கட்டிடங்களும் இப்போது ஒரே நகராட்சிக்குள். ஊர்ப் பெயரை இரண்டு மொழிகளிலும் சொல்கிறார்கள், ஹாமரோய் என்றும் ஹாப்மெர் என்றும்.